சங்கத்தைக் கலைக்க வேண்டாம், கேள்வி கேட்க இடம் கொடுங்கள்

திருப்பூர் பகுதியில் சாயத் தொழில்நுட்பர்களின் சங்கம் ஒன்றில் செயலாளராக இருக்கும் வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளையும் சங்கத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

சங்கம் 1989-இல் பதிவானது. டையிங் மாஸ்டர்கள், ஆய்வகப் பொறுப்பாளர்கள், பிராசஸிங் மேலாளர்கள், ஆலோசகர்கள் ஆகியோர் உறுப்பினர்கள். சொந்தமாகச் சிறிய சாயப்பட்டறை நடத்துவோரும் சிலர் உண்டு. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை கூட்டம் நடக்கிறது. பதிவேட்டில் 412 பேர், அவர்களில் 290 பேர் ஆயுள் உறுப்பினர்கள். இறந்துபோனவர்களின் பெயர்களும் அதிலேயே இருக்கின்றன. கூட்டத்துக்கு வருவோர் முப்பது பேரைத் தாண்டுவதில்லை. வருகிறவர்களும் பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்கள். நிர்வாகக் குழுத் தேர்தல் கடைசியாக நடந்தது 2014-இல். மாவட்டப் பதிவாளரிடம் கணக்குத் தாக்கல் செய்வது 2015-ஓடு நின்றுபோனது. முதல் மாடியில் ஒரு கூடமும், வங்கியில் 14 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும் சங்கத்தின் பெயரில் உள்ளன.

இளையவர்கள் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறார்கள். அதில் அறுநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். அதைத் தொடங்கியவர் ஓர் ஆலையின் ஆய்வகத்தில் வேலை செய்யும் இளம்பெண். அவர் சங்கக் கூட்டத்துக்கு இரண்டு முறை வந்திருக்கிறார். இரண்டாவது முறை எழுந்து ஒரு சந்தேகம் கேட்டபோது, “இதுகூடத் தெரியாமல் லேபில் என்னம்மா செய்கிறாய்?” என்று மூத்தவர் ஒருவர் கேட்க, கூடம் சிரித்திருக்கிறது. பிறகு அவர் வரவில்லை.

வாசகரின் கேள்விகள் நான்கு. ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் பொறுப்புக்கு வரக் கூடாது என்றும், ஆயுள் உறுப்பினர்களுக்கு வாக்கு இல்லை என்றும் விதி கொண்டுவரலாமா? சங்கத்தை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று பதிவு செய்து, கூடத்தையும் பணத்தையும் அதற்கு மாற்றிக்கொள்ளலாமா? நிர்வாகக் குழுவில் தன் ஆட்கள் இருவருக்கு இடம் கொடுத்தால் மூன்று ஆண்டுச் செலவை ஏற்பதாக ஒரு ரசாயன நிறுவனம் சொல்கிறது, ஒப்புக்கொள்ளலாமா? வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களை அப்படியே உறுப்பினர்களாக அறிவித்துவிடலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைவிட அதனோடு இணைத்திருந்த இரண்டு தாள்களை நான் அதிக நேரம் படித்தேன். ஒன்று, 1998-ஆம் ஆண்டின் கூட்டப் பதிவேட்டிலிருந்து ஒரு பக்கத்தின் நகல். இன்னொன்று, சென்ற மாதக் கூட்டத்தின் அழைப்பிதழ். சட்டத்துக்குப் போகும் முன் இவற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் சட்டத்தில் விடை இருக்கிறது. கூடம் ஏன் காலியாக இருக்கிறது என்பதற்கான விடை இந்தத் தாள்களில்தான் இருக்கிறது.

1998-இன் பக்கத்தில் வரவேற்புரை ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அடுத்து, உறுப்பினர் ஒருவர் எழுந்து, தன் ஆலையில் ஒரு பேட்ச் முழுவதும் வெளிறிய திட்டுகளுடன் வந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். வெளுப்புக்குப் பின் பெராக்ஸைடு மிச்சம் இருந்ததா என்று ஒருவர் கேட்கிறார். இரண்டு தண்ணீர் விட்டோம், ஆனால் சோதித்துப் பார்க்கவில்லை என்கிறார் இவர். துணியில் தங்கிய பெராக்ஸைடு சாயத்தை அழித்துவிடும், அலசுவதை மட்டும் நம்பக் கூடாது, சாயம் விடுமுன் சோதித்தே ஆக வேண்டும் என்று மூன்றாமவர் விளக்குகிறார். நான்கு பேர் தங்களுக்கும் அப்படி நேர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தின் அடியில், “அடுத்த கூட்டத்துக்குச் சோதனைத் தாள் கொண்டுவந்து செய்து காட்டுவது” என்று முடிவெழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். யாரும் யாரையும் கேலி செய்ததாகத் தெரியவில்லை. தன் கையால் ஒரு பேட்ச் கெட்டதைப் பலர் முன் சொல்ல ஒருவருக்குத் துணிச்சல் இருந்திருக்கிறது, அதைக் கேட்டுக்கொள்ளும் பக்குவம் மற்றவர்களுக்கு இருந்திருக்கிறது.

இப்போது சென்ற மாத அழைப்பிதழ். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்போர் ஆறு பேர், மூத்த உறுப்பினர்களுக்குப் பொன்னாடை, ஒரு நிறுவனத்தின் புதிய சாய வகைகள் அறிமுகம், வாழ்த்துரைகள், நன்றியுரை, இரவு உணவு. நன்றியுரைக்கு முன்னால் ஒரு வரி: “கேள்வி நேரம் (நேரமிருப்பின்)”.

இந்த ஒரு வரியை மாற்றாமல் வேறு எதை மாற்றினாலும் பயன் இருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். அந்த இளம்பெண் என்ன கேட்டார் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து மீட்டுத் திரும்பி வரும் உப்புக் கரைசலைப் பயன்படுத்தும்போது இளம் நிறங்களில் மட்டும் திட்டு விழுகிறதே, ஏன் என்று கேட்டிருக்கிறார். அதற்கான விடையும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: மீட்ட கரைசலில் காரத்தன்மை மிஞ்சியிருந்தால், சாயத்தைப் பிடிக்கவைக்கும் சோடாவைச் சேர்க்கும் முன்பே சாயம் துணியைப் பிடித்துக்கொள்ளும், சீராகப் பரவ அவகாசம் கிடைக்காது, எனவே முதலில் அமிலம் விட்டு நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். இந்த விடையை அன்று கூடத்தில் சொல்ல ஐந்து நிமிடம் போதுமாக இருந்திருக்கும். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் பத்துப் பேராவது அங்கே உட்கார்ந்திருந்திருப்பார்கள். ஆனால் அவருக்குக் கிடைத்தது சிரிப்பு.

“இளையவர்களுக்கு ஆர்வமில்லை, எல்லாம் கைபேசியோடு போய்விட்டது” என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் ஏற்கவில்லை. ஆர்வமில்லாதவர்கள் இரவு பதினொரு மணிக்குத் திட்டு விழுந்த துணியைப் படமெடுத்து அறுநூறு பேருக்கு அனுப்பிக் காரணம் கேட்க மாட்டார்கள். அவர்களிடம் ஆர்வம் நிறையவே இருக்கிறது. உங்கள் கூடத்தில் அதைக் காட்ட இடமில்லை, அவ்வளவுதான். “மூத்தவர்களே தடை” என்ற உங்கள் அடுத்த முடிவும் பாதிதான் சரி. 1998-இல் எழுந்து நின்றவர்களும் இவர்களேதான். முன்னிலை வகிக்கவும் பொன்னாடை போர்த்திக்கொள்ளவும் மட்டுமே கூப்பிடப்படுகிறவர், நாளடைவில் தன்னிடம் யாருக்கும் கேட்க ஒன்றுமில்லை என்று முடிவு செய்துகொள்கிறார். கேள்வி கேட்கும் இளையவரை அவர் அதட்டுவதில் அந்த வருத்தமும் கலந்திருக்கலாம். அதற்காக அதட்டலை மன்னிக்கச் சொல்லவில்லை. அவரை வெளியேற்றும் விதியை எழுதும் முன், அவருக்கு ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள் என்கிறேன்.

சங்கம் நிரம்பி வழிந்த காலங்கள் என்று நீங்கள் குறிப்பிட்டவற்றையும் கவனியுங்கள். முதலாவது, 1994-இல் ஜெர்மனி, தீங்கான அமின்களை வெளியிடும் அசோ சாயங்களுக்குத் தடை கொண்டுவந்த பிறகு, எந்தச் சாயத்தை விடுவது, எதை வாங்குவது என்று ஆலைகள் தவித்த ஆண்டுகள். இரண்டாவது, 2011. அந்த ஆண்டு ஜனவரி 28 அன்று, நொய்யல் மாசு வழக்கில் சாய, சலவைப் பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற நிலையில், எதிர் சவ்வூடு பரவல், ஆவியாக்கி, உப்பு மீட்பு என்று எல்லோரும் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. அப்போது வாரம் ஒரு கூட்டம் நடந்ததாகவும் மாடிப்படி வரை ஆட்கள் நின்றதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தனியாளாகத் தீர்க்க முடியாத சிக்கல் வந்தபோதெல்லாம் உங்கள் சங்கம் உயிர்பெற்றிருக்கிறது. இன்று அப்படிப்பட்ட சிக்கலுக்குப் பஞ்சமா? ஐரோப்பிய வாங்குநர்கள் ஒவ்வொரு ரசாயனத்துக்கும் பட்டியல் கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் துணிக்கும் டிஜிட்டல் கடவுச்சீட்டு, அதாவது அது எதனால் எப்படிச் செய்யப்பட்டது என்ற மின்னணு விவரப் பதிவு, கொண்டுவரும் வேலையில் இருக்கிறது. மறுசுழற்சிப் பருத்தி கலந்த நூலில் ஷேடு ஒத்து வருவதே பெரும்பாடு. இவற்றில் இளையவர்களுக்குத் தெரிந்தது மூத்தவர்களுக்குத் தெரியாது. தண்ணீரையும் உப்பையும் பார்த்துப் பழகிய கை மூத்தவர்களுடையது. ஒருவருக்கு மற்றவர் தேவைப்படும் காலம் இது.

இனி, நீங்கள் கேட்ட சட்டம்.

முதலில் காகிதங்களைச் சரி செய்யுங்கள்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் பிரிவு 15-இன்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. துணைவிதி இடம் கொடுத்தால் அவர்களே மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படலாம், ஆனால் தேர்தல் நடந்தாக வேண்டும். 2014-இல் வந்த குழுவின் காலம் 2017-இல் முடிந்துவிட்டது. “யாரும் ஆட்சேபிக்கவில்லை, அதனால் தொடர்கிறோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். இது துணிவான எண்ணம், ஆனால் தவறானது. இன்று யாரும் ஆட்சேபிக்காததற்குக் காரணம், யாரும் வருவதில்லை என்பதே. நாளை கூடத்தை வாடகைக்கு விடுவது, வைப்புத்தொகையை எடுப்பது, துணைவிதியைத் திருத்துவது என்று இறங்கினால், உங்கள் குழுவுக்கு அந்த அதிகாரம் உண்டா என்று ஒரே ஓர் உறுப்பினர் நீதிமன்றத்தில் கேட்டால் போதும், எல்லாம் நின்றுவிடும்.

ஆண்டுக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றை ஒவ்வோர் ஆண்டும் பதிவாளரிடம் தாக்கல் செய்வது சடங்கல்ல. தொடர்ந்து தவறினால் அபராதம் வரும். செயல்படாத சங்கம் என்று கருதிப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் நடவடிக்கையும் வரலாம். நோட்டீஸ் வரும் வரை காத்திருக்காமல், விடுபட்ட ஆண்டுகளின் கணக்கைத் தணிக்கையாளரிடம் கொடுத்து முடியுங்கள். பிறகு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவை யாருக்கு எழுத வேண்டும், கட்டணம் எவ்வளவு என்று எழுத்துமூலம் கேளுங்கள். துணைவிதியின் சான்றிட்ட நகல் ஒன்றையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். உங்களிடம் இருப்பது தட்டச்சுப் பிரதி என்கிறீர்கள். 1989-க்குப் பிறகு ஏதேனும் திருத்தம் பதிவாகியிருந்தால் அது உங்கள் பிரதியில் இருக்காது.

அடுத்து உறுப்பினர் பதிவேடு. இங்கேதான் உங்கள் பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. மூன்று ஆண்டு சந்தா கட்டாதவர்கள் தானாகவே நீங்கிவிட்டார்கள் என்று நினைத்து, அவர்களுக்கு அறிவிப்பு அனுப்பாமல் தேர்தல் நடத்தப் பார்க்கிறீர்கள். துணைவிதியில் “தானாக நீங்கும்” என்று தெளிவாக எழுதியிருந்தாலொழிய இது செல்லாது. அப்படி எழுதியிருந்தாலும், நிலுவையைச் சொல்லி ஒரு கடிதமும் கட்டுவதற்கு அவகாசமும் கொடுப்பதே பாதுகாப்பு. உறுப்பினரை நீக்கும் அதிகாரத்தைச் சங்கம் தன் விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றியும் நேர்மையாகவும் பயன்படுத்த வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சொன்ன சட்டம். எல்லோருக்கும் விரைவு அஞ்சலில் கடிதம் அனுப்புங்கள். திரும்பி வரும் உறைகளைப் பிரிக்காமல் கோப்பில் வையுங்கள், பின்னாளில் அவைதான் உங்கள் சாட்சி. முகவரி தெரியாதவர்களுக்காக உள்ளூர்ப் பதிப்பில் ஒரு நாளிதழ் விளம்பரம் கொடுங்கள்.

இறந்தவர்களின் பெயர்களை, குடும்பத்தாரிடம் விவரம் கேட்டு உறுதி செய்து, தீர்மானத்தின் மூலம் நீக்குங்கள். இது உணர்வுக்காகச் சொல்வதல்ல. பல துணைவிதிகளில் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், மொத்த உறுப்பினர்களில் இத்தனை பங்கு என்று இருக்கும். இறந்தவர்களையும் கணக்கில் வைத்துக்கொண்டு 412-இல் பங்கு கணக்கிட்டால் உங்களால் ஒரு பொதுக்குழுவைக்கூடச் சட்டப்படி நடத்த முடியாது.

தேர்தல் முடிந்ததும் புதிய குழுவின் விவரத்தை ஏழாம் எண் படிவத்தில் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். தலைவர் தேர்தலுக்கு ஒத்துழைக்க மாட்டார் என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் எழுதிக் கேட்டால் பதிவாளர் விசாரணை நடத்தலாம், பிரிவு 36 அதற்கு வழி செய்கிறது. ஆனால் எது செல்லுபடியாகும் தேர்தல் என்ற தகராறை அவர் முடிவு செய்ய முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. அதற்கு உரிமையியல் நீதிமன்றம்தான் போக வேண்டும், அங்கே ஆண்டுகள் ஓடும். ஆகவே தலைவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். நீங்கள் மட்டும் போகாதீர்கள், அவர் மதிக்கும் இருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

வயது வரம்பும் வாக்குரிமையும்

துணைவிதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். முறையாக 21 நாள் அறிவிப்பு கொடுத்து, வந்து வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும். பின்பு அதைப் பதிவாளர் பதிவு செய்ய வேண்டும். கூட்டத்துக்கு வருவோரில் பெரும்பான்மை அறுபதைக் கடந்தவர்கள். தங்களை விலக்கும் விதிக்கு அவர்களே நான்கில் மூன்று பங்கு வாக்களிப்பார்கள் என்று எதிர்பார்க்கிறீர்களா? ஆயுள் உறுப்பினர்களின் வாக்கைப் பறிப்பது இன்னும் ஆபத்து. பணம் கட்டிப் பெற்ற உரிமை அது, வழக்கை வீட்டு வாசலுக்கு அழைத்து வருவதற்குச் சமம்.

வயதைத் தொடாமல் காலத்தைத் தொடுங்கள். ஒரு பொறுப்பில் ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி எல்லோருக்கும் ஒன்றுபோல் பொருந்தும், யாரையும் அவமதிக்காது. கூடவே, குழுவில் நான்கு இடங்கள் முப்பத்தைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு, அவற்றில் இரண்டு பெண்களுக்கு என்று எழுதுங்கள். ஆய்வகங்களில் பெண்கள் வேலை செய்கிறார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள், ஆனால் 37 ஆண்டுப் பட்டியலில் ஒரு பெண்கூட நிர்வாகியாக இருந்ததில்லை. பொறுப்பிலிருந்து விலகும் மூத்தவர்களை ஆலோசகர்களாக்குங்கள். ஆனால் பெயருக்கு ஆக்காதீர்கள். இந்த மாதம் தண்ணீர், அடுத்த மாதம் வெளுப்பு, அதற்கடுத்து இளம் நிறங்கள் என்று தலைப்பைப் பிரித்து, அந்த மாதக் கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள்.

மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது

வேண்டாம். கலைக்கப்படும் சங்கத்தின் சொத்தை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ள முடியாது. கடன் போக எஞ்சியது ஒத்த நோக்கமுள்ள வேறு அமைப்புக்குப் போகும் என்றே பெரும்பாலான துணைவிதிகள் சொல்கின்றன. நீங்கள் பத்துப் பேர் தொடங்கும் புதுச் சங்கம்தான் அந்த அமைப்பு என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்ள எந்தக் கட்டாயமும் இல்லை. பதவிக்காலம் முடிந்த குழு கூடத்தை அதற்கு எழுதிக் கொடுத்தால், நம்பிக்கை மோசடி என்ற குற்றச்சாட்டு உங்கள் பெயரில்தான் வரும். பத்திரத்தில் கையெழுத்துப் போடுபவர் செயலாளர் அல்லவா?

வைப்புத்தொகையைப் பற்றி இன்னொன்று. உறுப்பினர்கள் தங்களுக்குள் திரட்டிய பணம் என்பதால் வட்டிக்கு வரி இல்லை என்று முந்தைய பொருளாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வங்கி வட்டிக்கு அந்த வாதம் செல்லாது. பெங்களூரு கிளப் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. விடுபட்ட ஆண்டுகளின் கணக்கை முடிக்கும்போதே இதையும் வரி ஆலோசகரிடம் காட்டுங்கள்.

ரசாயன நிறுவனத்தின் பணம்

இதற்கும் நான் தயக்கமின்றி இல்லை என்பேன். சட்டம் இதை நேரடியாகத் தடுக்கவில்லை. ஆனால் அந்த நிறுவனத்தின் சாயத்தால் திட்டு விழுந்தது என்று ஓர் உறுப்பினர் சொல்ல நினைக்கும்போது, குழுவில் அதன் ஆட்கள் இருவர் உட்கார்ந்திருந்தால் யார் வாய் திறப்பார்? நிறுவனங்களே கூடாது என்பதல்ல. அவர்களிடம் நல்ல தொழில்நுட்பர்கள் இருக்கிறார்கள், கற்றுக்கொள்ள நிறைய உண்டு. வாக்கில்லாத இணை உறுப்பினர் என்ற வகையைத் துணைவிதியில் சேருங்கள். பொருள் அறிமுகத்துக்கு ஆண்டில் ஒரு நாள் ஒதுக்குங்கள். எல்லா நிறுவனங்களும் வரட்டும், கட்டணம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளட்டும். மாதக் கூட்டத்துக்குள் விற்பனைப் பேச்சு நுழையக் கூடாது. இரவு உணவை நிறுத்தித் தேநீரோடு முடித்தால், உங்கள் கணக்குப்படியே செலவில் பாதி குறைகிறது.

வாட்ஸ்அப் நண்பர்களும் வாய்ப்பூட்டும்

வாட்ஸ்அப் குழுவில் எண் இருப்பதால் யாரும் உறுப்பினராகிவிட மாட்டார்கள். விண்ணப்பம், நிர்வாகக் குழுவின் ஏற்பு, கட்டணம், பதிவேட்டில் பெயர், இவை வேண்டும். அவர்களைக் கேட்காமல் அவர்களுடைய பெயர்களையும் எண்களையும் எடுத்துப் பட்டியல் போடுவது முறையும் அல்ல, 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கும் ஒவ்வாது. முதலில் சங்கத்தை அவர்களுக்குத் திறந்துவிடுங்கள். கூட்டத்துக்கு வர உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை என்று ஓராண்டுக்கு அறிவியுங்கள். பிடித்திருந்தால் சேர்வார்கள்.

அவர்கள் வராததற்கு நீங்கள் குறிப்பிடாத ஒரு காரணம் இருக்கக்கூடும். இன்றைய நியமனக் கடிதங்களில் ரகசியக் காப்பு ஷரத்து தவறாமல் இருக்கிறது. பொது இடத்தில் பேசினால் வேலை போகும் என்ற பயம் இளையவர்களுக்கு உண்மையானது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் பிரிவு 27-இன்படி, வேலையை விட்ட பிறகு அதே தொழிலைச் செய்யக் கூடாது என்று ஒருவரைக் கட்டிப்போடும் நிபந்தனை செல்லாது. ஆனால் ஆலையின் ரகசியத்தைக் காக்கும் கடமை வேறு, அது செல்லும். ஆகவே சங்கம் ஒரே பக்கத்தில் ஒரு நடத்தை விதி எழுதி, ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் வாசிக்க வேண்டும். வாங்குநர் பெயர், ஆர்டர் எண், துல்லியமான சாய அளவு ஆகியவற்றைச் சொல்லக் கூடாது. என்ன கோளாறு, எப்படித் தெரிந்தது, எதனால் தீர்ந்தது என்பதைச் சொல்லலாம். யாராவது எல்லை மீறினால் தலைமை தாங்குபவர் உடனே நிறுத்த வேண்டும். கேள்வியை எழுதிப் பெட்டியில் போட்டாலும் ஏற்க வேண்டும், பெயர் வேண்டாம்.

இதே விதியில் இன்னொரு வரியும் வேண்டும். உங்களில் சிலர் பட்டறை உரிமையாளர்கள் என்பதால், சாயக் கூலியை எவ்வளவு என்று வைப்பது என்ற பேச்சு கூடத்தில் எழவே கூடாது. விலையை ஒன்றுசேர்ந்து நிர்ணயிப்பது 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் பிரிவு 3-க்குள் வரும். சங்கம் நடத்தும் பேச்சு என்பதால் விலக்குக் கிடைக்காது.

எந்த வரிசையில் தொடங்குவது

கணக்கும் பதிவேடும் சரியாக ஆறு மாதமாவது பிடிக்கும். அதுவரை காத்திருக்காதீர்கள். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை மாற்றத் துணைவிதித் திருத்தம் வேண்டாம், பொதுக்குழு வேண்டாம், அடுத்த மாதமே மாற்றலாம். முதல் ஒன்றரை மணி நேரமும் கேள்விகளுக்கு. உரை இருந்தால் கடைசி இருபது நிமிடம். பொன்னாடையை ஆண்டுவிழாவுக்கு ஒதுக்கிவிடுங்கள். ஞாயிறு மாலை ஷிப்டில் இருப்பவர்களுக்கு ஒத்துவருமா என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டுவிட்டுக் கூட்ட நாளை முடிவு செய்யுங்கள். பேசப்பட்ட கோளாறையும் தீர்வையும் 1998-இல் எழுதியது போலவே பதிவேட்டில் எழுதி, சொன்னவரிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

அந்த இளம்பெண்ணை நீங்கள் தொலைபேசியில் அழைக்காமல் நேரில் சந்தித்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்று சிரித்தவர் மன்னிப்புக் கேட்பாரா என்று எனக்குத் தெரியாது. சங்கத்தின் சார்பில் செயலாளர் கேட்கலாம், அதற்கு எந்தத் தீர்மானமும் தேவையில்லை. மீட்ட உப்புக் கரைசல் என்ற தலைப்பிலேயே அடுத்த கூட்டத்தை வைத்து, அவருடைய ஆய்வகத்தில் கண்டதை அவர் சொல்ல, காரத்தன்மையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். அவர் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். கூட்டத்தை அந்தத் தலைப்பிலேயே நடத்தி, எழுதிய குறிப்பை அவருக்கு அனுப்பிவையுங்கள்.

சான்றிட்ட துணைவிதி கைக்கு வந்ததும், கோரம், உறுப்பினர் நீக்கம், கலைப்பு ஆகிய மூன்றைப் பற்றிய விதிகளையும் நகலெடுத்து எனக்கு அனுப்புங்கள். மேலே பொதுவாகச் சொன்னவற்றில் எது உங்கள் சங்கத்துக்கு மாறுபடும் என்பதை அவற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவரை வங்கியிலிருந்து மின்கட்டணம் போன்ற அன்றாடச் செலவுக்குத் தவிர எதற்கும் காசோலையில் கையெழுத்திடாதீர்கள்.